முயலின் குடலில் கிடைத்த விடை: காலரா நச்சைக் கண்டறிந்த சம்புநாத் டே

ஹட் பே: லிட்டில் அந்தமான் தீவின் துறைமுக ஊரான ஹட் பேயில் வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றால், நாட்டின் பிற பகுதிகளைப் போலவே அங்கும் தாயிடம் இரண்டு பொருள்கள் தரப்படுகின்றன. ஒன்று ஓ.ஆர்.எஸ். பொடிப் பொட்டலம், மற்றொன்று துத்தநாக மாத்திரை. ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய 20.5 கிராம் பொடியில் குளுக்கோஸ் 13.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் இருக்கின்றன. சர்க்கரையும் உப்பும் எதற்கு என்பது இன்று பலருக்கும் தெரியும். கடைசியாகச் சொல்லப்பட்ட அந்த ஒன்றரை கிராம் பொட்டாசியம் எதற்கு என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் முயல்களை வைத்து ஆய்வு செய்த ஒரு மனிதரிடம் போய்ச் சேரலாம். அவர் பெயர் சம்புநாத் டே.

ஹட் பேக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் ஹட் பேயைச் சுற்றியுள்ள நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், ரவீந்திர நகர் போன்ற கிராமங்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்தை விட்டு வெளியேறிக் குடியமர்த்தப்பட்ட அகதிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் வாழ்ந்த கங்கைக் கழிமுகமே காலராவின் தாயகம். 1817-ஆம் ஆண்டு ஜெசோர் பகுதியில் எழுந்த கொள்ளைநோய்தான் உலகைச் சுற்றிய முதல் காலரா அலையாயிற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி ஹட் பேயைச் சூறையாடியபோது, நிவாரண முகாம்களில் மருத்துவக் குழுவினர் முதலில் அஞ்சியது வாந்திபேதியைத்தான். கடல்நீர் புகுந்த கிணறும் நெரிசல் மிகுந்த முகாமும் இருக்கும் இடத்தில் அந்த அச்சம் இயல்பானது. ஆனால் 2004-இல் அந்த அச்சத்துக்கு எதிராகக் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. டே பிறந்த காலத்தில் அது இல்லை.

ஹூக்ளியில் இருந்து கொல்கத்தாவுக்கு

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற சிற்றூரில் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று சம்புநாத் டே பிறந்தார். வசதி படைத்த குடும்பம் அல்ல. ஊர்ப் பள்ளியில் சிறப்பாகத் தேறியதால் கிடைத்த உதவித்தொகையைக் கொண்டு ஹூக்ளி மோசின் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு பெற்ற மதிப்பெண்கள் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறந்தன. உதவித்தொகை படிப்புக்குப் போதுமானதாக இருந்தது. நகரத்தில் தங்கவும் உண்ணவும் போதவில்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு செல்வர் தம் வீட்டில் இடமும் உணவும் அளித்ததால்தான் அவர் மருத்துவம் படித்து முடிக்க முடிந்தது.

1939-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டே, 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் பயிற்றுநராகச் சேர்ந்தார். அங்கு பி.பி. திரிபேதி என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்யக் கற்றார். நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த எம்.என். டே தம் மகள் தருபாலாவை அவருக்கு மணம் முடித்துக் கொடுத்தார்.

1947-இல் லண்டன் சென்று, யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் சர் ராய் கேமரன் என்ற புகழ்பெற்ற நோய்க்குறியியலாளரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. மூளையில் ஏற்படும் பாதிப்பு எவ்வாறு நுரையீரலுக்குள் நீரைக் கசியச் செய்கிறது என்பது பற்றி கேமரனும் அவரும் இணைந்து எழுதிய கட்டுரை 1949-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் முனைவர் பட்டமும் கிடைத்தது. இருக்க வேண்டிய இடத்தை விட்டு நீர் எப்படி வெளியேறுகிறது என்ற அந்தக் கேள்வி, நாடு திரும்பிய பின்னும் அவரை விடவில்லை. நுரையீரலின் இடத்தில் குடல் வந்து அமர்ந்தது, அவ்வளவுதான்.

எழுபது ஆண்டுகளாகத் தவறிய இடம்

காலராவை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-இலேயே கொல்கத்தாவில் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நச்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அந்த நச்சைக் கையில் பிடித்துக் காட்டவில்லை. கோக்கிடம் பயின்ற ரிச்சர்ட் ஃபைஃபர், நச்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றும் கிருமி சிதையும்போதுதான் அது வெளிப்படுகிறது என்றும் விளக்கம் அளித்தார். அந்த விளக்கமே பாடமாகிப் போனது. ஆய்வாளர்கள் கிருமியையோ அதன் சாற்றையோ விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்று உட்குழியிலும் செலுத்தினார்கள். விலங்குகள் இறந்தன, ஆனால் ஒன்றுக்கும் காலரா வரவில்லை. குடலின் உள்தோல் உரிந்து விழுவதால்தான் நீர் கொட்டுகிறது என்ற கருத்தும் வலுவாக நிலவியது.

தடுப்பூசி தயாரித்தோரும் கிருமியின் உடலையே குறிவைத்தார்கள். காலராவுக்கு எதிராகப் பல தலைமுறைகள் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதி இவ்வாறு தவறான திசையில் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நோய் நிகழும் இடத்தில் அதைப் பார்க்கும் வழி அவர்களிடம் இல்லை என்பதே உண்மை.

டே காலராவுக்குள் நுழைந்தது சிறுநீரகத்தின் வழியாக. காலராவில் இருந்து பிழைத்ததாகத் தோன்றிய நோயாளிகள் சிலர் சில நாள்களில் சிறுநீர் நின்று இறந்தார்கள். அவர்களுடைய சிறுநீரகங்களை அவர் ஆராய்ந்தார். 1951-இல் ஜே.கே. சர்க்காருடனும் திரிபேதியுடனும் சேர்ந்து காலரா நச்சு பற்றிய சோதனைக் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவர் பணியாற்றியது கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில். 1955-இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு மாறி நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

நூலால் கட்டிய குடல்

1953-இல் டி.என். சட்டர்ஜியுடன் அவர் வெளியிட்ட சோதனை, கேட்பவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்கு எளிமையானது. பட்டினி போட்ட முயலுக்கு மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறக்க வேண்டும். சிறுகுடலில் சில அங்குல நீளமுள்ள பகுதியைத் தேர்ந்து, அதன் இரு முனைகளையும் பட்டு நூலால் கட்டிவிட வேண்டும். கட்டப்பட்ட அந்தப் பைக்குள் காலராக் கிருமி வளர்ந்த நீரைச் சிறிதளவு ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட வேண்டும். ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், கிருமி செலுத்தப்பட்ட பை, அரிசி கழுவிய நீர் போன்ற திரவத்தால் உப்பிப் பருத்திருக்கும். கிருமி இல்லாத நீர் செலுத்தப்பட்ட பக்கத்துப் பை சுருங்கிக் கிடக்கும். காலரா நோயாளியிடம் இருந்து வெளியேறும் நீரும் பார்வைக்கு அரிசி கழுவிய நீர் போலத்தான் இருக்கும். ஒரு விலங்கின் உடலில், நோய் நிகழும் அதே இடத்தில், அதே விதமாக நோயை உண்டாக்கிக் காட்ட முடிந்தது.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1915-இலேயே வியோல், கிரென்டிரொபூலோ என்ற இருவர் இதையொத்த ஒரு சோதனையைச் செய்திருந்தனர். உலகம் அதை மறந்துவிட்டது. அந்த வழியை மீண்டும் கண்டு, பிற கிருமிகளோடும் வெற்று நீரோடும் ஒப்பிட்டு, எவரும் எங்கும் செய்து பார்க்கக்கூடிய முறையாக நிலைநிறுத்தியது டே. 1956-இல் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் கிடைத்த ஈ.கோலை கிருமிகளை அதே பைக்குள் செலுத்திப் பார்த்தார். அவற்றில் சிலவும் குடலை நீரால் நிரப்பின. ஏழை நாடுகளின் குழந்தைகளையும் வெளிநாட்டுப் பயணிகளையும் இன்றும் வாட்டும் ஒருவகை வயிற்றுப்போக்கு பற்றிய ஆய்வின் தொடக்கங்களுள் ஒன்றாக அக்கட்டுரை மதிக்கப்படுகிறது.

இறுதிக் கேள்வி எஞ்சியிருந்தது. நீரைக் கொட்டச் செய்வது கிருமியா, கிருமி வெளியே விடும் பொருளா? டே கிருமி வளர்ந்த நீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். ஒரு கிருமிகூட இல்லை என்று உறுதி செய்தபின் அந்த நீரை மட்டும் முயலின் குடலுக்குள் செலுத்தினார். குடல் உப்பியது. உயிருள்ள கிருமி தேவையில்லை. அதன் உடல் சிதையவும் தேவையில்லை. அது வெளியே விடும் ஒரு பொருளே போதும். இந்த முடிவைக் கூறும் கட்டுரை 1959-ஆம் ஆண்டு மே 30 அன்று நேச்சர் இதழில் இரண்டு பக்க எல்லைக்குள் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. அதே ஆண்டில் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் உடன் பணியாற்றியோரும், பிறந்து சில நாள்களே ஆன முயல் குட்டிகளைக் கொண்டு இதே திசையில் முடிவு கண்டார்கள். அடுத்த ஆண்டு பாங்காக்கில் நோயாளிகளின் குடலில் இருந்து எடுத்த சிறு திசுக்களைப் பார்த்த மருத்துவர்கள், உள்தோல் உரியவில்லை, முழுமையாகவே இருக்கிறது என்று கண்டனர். பழைய பாடம் முடிவுக்கு வந்தது.

வாசலைத் திறந்துவிடும் நச்சு

உள்தோல் சிதையாமல், இரத்தம் கசியாமல், மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் எப்படி வெளியேறுகிறது? இதற்கு விடை சொல்ல அறிவியலுக்கு மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையில்தான் பொட்டாசியம் வருகிறது.

உடலின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் பொட்டாசியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. உயிரணுவுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியத்தின் செறிவு வெளியே இருப்பதைப் போல் சுமார் 30 மடங்கு. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரத இயந்திரம் ஓயாமல் உழைத்து இந்த வேறுபாட்டைக் காக்கிறது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் கொண்ட அயனி அதைக் கடக்க முடியாது. கடப்பதற்கென்று சவ்வில் புரதத்தால் ஆன நுண் துளைகள் இருக்கின்றன. இவையே அயனிக் கால்வாய்கள். இவற்றுள் பொட்டாசியம் கால்வாய் வியப்புக்குரியது. நொடிக்குக் கோடிக்கணக்கான பொட்டாசியம் அயனிகளை அது விடுகிறது; அதைவிடச் சிறிய சோடியம் அயனியை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிடுகிறது.

பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கும் சல்லடை எப்படி இயலும் என்ற புதிரை 1998-இல் அமெரிக்க அறிஞர் ராடெரிக் மெக்கின்னன் விடுவித்தார். ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிரால் படம்பிடித்து அவர் கண்டது இதுதான்: கால்வாயின் மிகக் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. நீரில் இருக்கும்போது பொட்டாசியம் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் எந்த இடைவெளியில் நிற்குமோ, அதே இடைவெளியில் இந்த ஆக்சிஜன் அணுக்களும் நிற்கின்றன. எனவே பொட்டாசியம் தன் நீர்ப் போர்வையை எளிதாகக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறது. சோடியம் சிறியது, அதற்கு அந்த வளையம் தொளதொளவென்று இருக்கிறது, போர்வையை இழப்பதை ஈடுசெய்ய அங்கு ஒன்றும் கிடைக்காததால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக 2003-இல் மெக்கின்னனுக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி குடலுக்கு வரலாம். டே கண்டறிந்த நச்சை அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பலூட்டோ ஆகியோர் 1969-இல் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். ஐந்து கைகளால் குடல் உயிரணுவைப் பற்றிக்கொண்டு, ஆறாவது பகுதியை உள்ளே அனுப்பும் புரதம் அது. உள்ளே சென்ற பகுதி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறைத் தயாரிக்கும் பொறியை இயங்கும் நிலையிலேயே பூட்டிவிடுகிறது. செய்தி பெருகப் பெருக, குடலின் உட்புறத்தைப் பார்த்த பக்கத்தில் குளோரைடு கால்வாய் திறந்துகொள்கிறது. குளோரைடு வெளியேறுகிறது, அதைத் தொடர்ந்து சோடியமும், இரண்டையும் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றன.

இவ்வளவோடு நின்றிருந்தால் வெள்ளம் விரைவிலேயே தணிந்திருக்கும். எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு வெளியேறும்போது உயிரணுவின் உட்புறம் எதிர்மின் தன்மையை இழக்கிறது. இழந்தால் குளோரைடை வெளியே தள்ளும் விசையும் குறைந்துவிடும். அதைக் குறையவிடாமல் காப்பது உயிரணுவின் மறுபக்கத்தில், இரத்தத்தை நோக்கி இருக்கும் பொட்டாசியம் கால்வாய். நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் அவ்வழியே வெளியேறுவதால் உட்புறம் தொடர்ந்து எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. குளோரைடும் தொடர்ந்து ஓடுகிறது. காலரா நச்சு பெருக்கும் அதே செய்தி மூலக்கூறு இந்தப் பொட்டாசியம் கால்வாயையும் ஊக்குகிறது. கிணற்றில் இருந்து நீர் இறைக்கும் ஏற்றத்தில் ஒருவர் சாலை இழுக்க, மற்றொருவர் மரத்தின் மேல் ஏறி மிதிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டியதுதான். இக்கால்வாயின் மூலக்கூறு அடையாளம் 2000-ஆம் ஆண்டில்தான் தெளிவானது. கே.சி.என்.க்யூ-1 என்ற புரதம் அதன் உடல், கே.சி.என்.இ-3 என்ற சிறு புரதம் அதன் துணை.

அதே கே.சி.என்.க்யூ-1 வேறொரு துணையுடன் இதயத் தசையிலும் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தை மின்னளவில் ஓய்வுக்குக் கொண்டுவருவது அதன் வேலைகளுள் ஒன்று. பிறவியிலேயே அதன் மரபணுவில் பிழை இருப்போருக்கு இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருக்கும், ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென மயங்கி விழலாம், இறக்கவும் நேரலாம். பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் காதும் கேட்பதில்லை. உட்செவியின் திரவத்துக்குப் பொட்டாசியத்தை அளிப்பதும் இதே கால்வாய்தான். குடலில் வெள்ளத்தை நீடிக்கச் செய்யும் புரதமும் இதயத்தின் தாளத்தைக் காக்கும் புரதமும் ஒன்று என்பது, மருத்துவ மாணவர்களைக்கூட ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி.

காலரா நோயாளி இழப்பது நீரும் உப்பும் மட்டும் அல்ல. வெளியேறும் நீரில் பொட்டாசியத்தின் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வாந்தி அந்த இழப்பைக் கூட்டுகிறது. தொடக்கத்தில் இரத்தச் சோதனை இதைக் காட்டாமலும் போகலாம். இரத்தம் அமிலத் தன்மை அடைவதால் உயிரணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, அளவு சரியாக இருப்பது போன்ற தோற்றத்தைத் தரும். நீரேற்றி அமிலத்தைச் சரிசெய்தவுடன் பொட்டாசியம் மீண்டும் உள்ளே போய்விடும். அப்போதுதான் பள்ளம் தெரியும். கால்கள் துவளும், குழந்தைகளுக்கு வயிறு ஊதும், இதயத் துடிப்பு தடுமாறும். நெடுநாள் பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமும் பழுதுபடும். ஒன்றரை கிராம் பொட்டாசியம் குளோரைடு பொட்டலத்தில் இடம்பெற்றதன் காரணம் இதுவே.

துத்தநாக மாத்திரைக்கும் இதே கால்வாயோடு தொடர்பு உண்டு. துத்தநாகம் வயிற்றுப்போக்கைக் குறைக்கிறது என்பது குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் முதலில் தெரிந்தது; ஏன் என்பது தெரியவில்லை. 2005-இல் எலியின் குடலில் நடந்த சோதனை, இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் உள்ள பொட்டாசியம் கால்வாயைத் துத்தநாகம் அடைப்பதாகக் காட்டியது. ஏற்றத்தில் மிதிப்பவரை நிறுத்துவது போல. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுக்கும்படி அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. பேதி நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பதினான்கு நாளும் கொடுப்பதே முறை.

அங்கீகாரம் தேடாத வாழ்க்கை

டேயின் கட்டுரை வெளிவந்த உடனே உலகம் அதைக் கொண்டாடிவிடவில்லை. 1961-இல் இந்தோனேசியாவில் இருந்து புறப்பட்ட எல் டோர் வகைக் காலரா ஏழாவது உலகக் கொள்ளைநோயாக ஆசியாவெங்கும் பரவியபோது, அமெரிக்காவும் ஐரோப்பாவும் காலரா ஆய்வில் பெரும் பொருள் செலவிடத் தொடங்கின. முயல் குடல் முறை ஆய்வகங்கள்தோறும் பரவியது. நச்சைத் தூய்மைப்படுத்தும் போட்டியில் டேயும் சில ஆண்டுகள் முயன்றார். அதற்குத் தேவையான கருவிகள் அவரிடம் இல்லை. கொல்கத்தாவின் ஒரு மருத்துவக் கல்லூரித் துறை, வகுப்பெடுத்தல், பிணக்கூறாய்வு, அன்றாடச் சோதனைகள் ஆகியவற்றுக்கிடையே செய்யக்கூடியதை அவர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்.

அவர் கூட்டங்களில் தம்மை முன்னிறுத்திக்கொள்ளும் இயல்பினர் அல்லர். இந்தியாவின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய தேசிய விருது எதுவும் அவருக்கு வரவில்லை. தன் மண்ணில் பிறந்த நோயின் முடிச்சைத் தன் மண்ணிலேயே அவிழ்த்த ஒருவருக்கு நேர்ந்த இந்தப் புறக்கணிப்பு, இந்திய அறிவியல் வரலாற்றின் பெருமைமிக்க பக்கம் அன்று. 1973-இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற பின்னரும் போஸ் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

அழைப்பு வெளிநாட்டில் இருந்து வந்தது. 1978-இல் காலரா முதலிய வயிற்றுப்போக்கு நோய்கள் குறித்து நோபல் அறக்கட்டளை ஸ்டாக்ஹோமில் நடத்திய கருத்தரங்கில் பங்கேற்க அவர் அழைக்கப்பட்டார். நச்சைத் தூய்மைப்படுத்தியோரும் அதன் அமைப்பைக் கண்டோரும் அமர்ந்திருந்த அவையில், அவர்கள் அனைவருடைய பணிக்கும் தொடக்கமான கட்டுரையை எழுதியவராக அவர் நின்றார். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மரபியல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் ஒருமுறைக்கு மேல் டேயின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு கிடைக்கவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, தம் 70-ஆம் வயதில் டே காலமானார். மறு ஆண்டு, அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு காலரா ஆய்வில் டேயின் இடத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். பெங்களூரில் இருந்து வெளிவரும் கரன்ட் சயின்ஸ் இதழ் 1990-இல் அவருக்கென ஒரு சிறப்பிதழே வெளியிட்டது.

கொல்கத்தாவில் தொடங்கி வேலூர் வரை

நச்சைக் கண்டது டே. நோயாளியைக் காக்கும் கரைசல் வேறொரு வழியில் வந்தது. அதிலும் கொல்கத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு. லெனர்டு ராஜர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குதான் செறிவான உப்புநீரை நரம்பில் ஏற்றி இறப்பைக் குறைத்தார். டேயின் முதல் முயல் குடல் கட்டுரை வெளிவந்த அதே 1953-இல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழியாக உப்பும் குளுக்கோசும் கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காத்ததை லான்செட் இதழில் எழுதினார். அதுவும் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

இரண்டு வழிகளும் ஒரு புள்ளியில் சந்தித்தன. நச்சு குளோரைடு வாசலைத் திறந்துவிட்டாலும், குளுக்கோசோடு சேர்த்துச் சோடியத்தை உள்ளே கொண்டுவரும் வேறொரு வாசலை அது தொடுவதில்லை. உள்தோலும் சிதைவதில்லை. ஆகவே சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடித்தால், ஒருபுறம் கொட்டினாலும் மறுபுறம் ஏறும். 1968-இல் டாக்காவில் இது முறையாக நிறுவப்பட்டது. 1971-இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தபோது, பன்கான் முகாமில் நரம்புவழி மருந்து தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனோபிஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். அந்த முகாமில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. சிகிச்சை இன்றி விட்டால் கடும் காலராவில் பாதிப் பேர் வரை இறக்கக்கூடும். உரிய நேரத்தில் நீரேற்றினால் இறப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ்.

தமிழகத்தின் பங்கும் இதில் உண்டு. கரைசல் உயிரைக் காத்தாலும் பேதியின் அளவை அவ்வளவாகக் குறைப்பதில்லை என்பது மருத்துவர்களின் நெடுநாள் குறை. சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, நீரும் உப்பும் உறிஞ்சப்பட உதவுகின்றன என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு காலரா நோயாளிகளிடம் சோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

டே இறந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1992-இன் இறுதியில், சென்னையில் ஒரு காலரா அலை எழுந்தது. நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, காலராவுக்கென அதுவரை அறியப்பட்ட ஓ-1 வகையின் சோதனைக்கு மசியவில்லை. முன்னர் காலரா கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த முதியவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். ஓ-139 என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தப் புதிய வகை, சில மாதங்களில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. கிருமியின் மேற்போர்வை மாறியிருந்தது. அது சுரந்த நச்சு, 1959-இல் வடிகட்டிக்குக் கீழே டே சேகரித்த அதே நச்சு. நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதும், இன்று ஹட் பேயில் கொடுக்கப்படுவது போன்ற உப்பும் சர்க்கரையும் பொட்டாசியமும் கலந்த கரைசலே.